பிளாக் ஃபேஸ் அடிக்கலாமா, வேண்டாமா? இன்ஜின் பிரித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

ரீபோரிங் பட்டறையில் நிற்கிறவனிடம் ஒரு நாளைக்கு நாலு பேராவது ஒரே சந்தேகத்தைக் கேட்பார்கள். ஒருத்தர் லாரிக்காரர், ஒருத்தர் பழைய ஜிப்ஸியை ஆசையாகப் பிரித்துப் போட்டவர், ஒருத்தர் மெக்கானிக் சொன்னதை நம்பலாமா என்று தெரியாமல் தவிப்பவர். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஃபேஸ் அடிக்கிறதும் போர் அடிக்கிறதும் ஒண்ணுதானே?

இல்லை. போர் அடிப்பது பிஸ்டன் ஓடுகிற ஓட்டையைப் பெரிதாக்குவது. ஃபேஸ் அடிப்பது பிளாக்கின், அதாவது சிலிண்டர் ஓட்டைகள் இருக்கிற பெரிய வார்ப்பின் மேல்முகத்தை, சிலிண்டர்களுக்கு மூடியாக வருகிற ஹெட் உட்காருகிற தளத்தை, மெஷினில் வைத்து மெல்லிசாகச் சீவிச் சமமாக்குவது. ஹெட்டின் அடிமுகத்துக்கும் இதையே செய்வார்கள். அது சின்னது, தூக்கி வருவதும் சுலபம் என்பதால் ஹெட்டை மட்டும் அடித்துவிட்டு பிளாக்கைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பூட்டுகிறவர்கள்தான் அதிகம்.

இந்த முகத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால், லாரி டயரில் இருப்பது சுமார் 8 பார் காற்று. டர்போ டீசல் சிலிண்டருக்குள் எரியும்போது 150 பார் வரை, சிலவற்றில் அதற்கு மேலும் அழுத்தம் வரும். அதையும் அடைத்து, பக்கத்திலேயே ஓடுகிற தண்ணீரையும் ஆயிலையும் ஒன்றோடொன்று கலக்காமல் வைத்திருப்பது இரண்டு முகத்துக்கும் நடுவில் இருக்கிற கேஸ்கட் என்ற மெல்லிய அடைப்புத் தகடுதான்.

வார்ப்பிரும்பு பிளாக் எப்படி சார் வளையும்? நம்புற மாதிரி இல்லையே.

கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வளையாது. தண்ணீர் இல்லாமல் ஓடிச் சூடேறினால் நடு சிலிண்டர்கள் பக்கம் ஒரு மயிரிழை இறங்கும். ஹெட் போல்ட்டை வருஷக்கணக்கில் முறுக்கியதில் போல்ட் ஓட்டையைச் சுற்றி உலோகம் மேலே இழுபட்டுச் சின்ன மேடாக நிற்கும். கூலன்ட் ஊற்றாமல் வெறும் போர்வெல் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருந்தால் தண்ணி ஓட்டையின் விளிம்பை அரித்துத் தின்றிருக்கும்.

இன்னொன்று, இரும்பு பிளாக் மேல் அலுமினிய ஹெட் இருக்கிற வண்டிகளில் நடப்பது. அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 40 செ.மீ. நீள ஹெட் 80 டிகிரி சூடேறினால் அலுமினியம் முக்கால் மி.மீ. நீளும், இரும்பு அதில் பாதிதான் நீளும். ஒவ்வொரு தடவை வண்டியை எடுத்து நிறுத்தும்போதும் ஹெட் அந்த வித்தியாசத்துக்கு பிளாக் மேல் இழுக்கப் பார்க்கும், நடுவில் கேஸ்கட் தேயும். லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிளாக்கில் கேஸ்கட்டின் வளையம் அச்சுப் பதிந்த மாதிரி தெரிவது இதனால்தான்.

ஸ்டீல் ஸ்கேல் வச்சுப் பாத்தேன், நேராத்தான் இருக்கு. போதாதா?

ஸ்கேலே நேராக இருக்காது. கிரைண்டிங் செய்த ஸ்ட்ரெயிட் எட்ஜ் வேண்டும், கூடவே ஃபீலர் கேஜ், அதாவது கனம் குறித்த மெல்லிய தகடுகளின் கட்டு. முகத்தில் பழைய கேஸ்கட் துணுக்கு ஒன்றுகூட ஒட்டியிருக்கக் கூடாது. ஹெட்டைச் சரியான இடத்தில் உட்கார வைக்கிற டவல் பின் என்ற சின்ன முளைகளைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்ட்ரெயிட் எட்ஜ் அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்து ஆட்டம் காட்டும். நீளவாக்கில் இரண்டு ஓரம், குறுக்கே இரண்டு முனை, மூலைக்கு மூலை இரண்டு என்று ஆறு இடம். ஒவ்வொன்றிலும் 0.05 மி.மீ. தகடை அடியில் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் அடுத்த கனமான தகடு. நடு சிலிண்டர்களுக்கு இடையில் இருக்கிற ஒல்லியான இடத்தை மறக்க வேண்டாம், கேஸ்கட் முதலில் போவது பெரும்பாலும் அங்கேதான்.

போல்ட் ஓட்டையைச் சுற்றிய மேட்டைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. பட்டையான எண்ணெய்க்கல்லை முகத்தில் படுக்க வைத்து, அழுத்தாமல் இரண்டு இழுப்பு இழுத்தால் மேடு இருக்கிற இடம் மட்டும் மினுங்கும்.

எவ்வளவு வளைவு வரைக்கும் அப்படியே விடலாம்?

உங்கள் இன்ஜின் மேனுவலில் இருக்கிற அளவுதான் கடைசிச் சொல். பொதுவாக நாலு சிலிண்டர் கார்களுக்கு 0.05 மி.மீ.யை ஒட்டியே இருக்கும். நீளமான ஆறு சிலிண்டர் பிளாக்குகளுக்கு மொத்த நீளத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக விடுவார்கள். ஆனால் மொத்த அளவை மட்டும் பார்க்காதீர்கள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெதுவாக வரும் 0.05 வேறு, ஒரே சிலிண்டர் பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்குள் விழுந்த 0.05 வேறு. முதலாவதைக் கேஸ்கட் சமாளிக்கும், இரண்டாவதைச் சமாளிக்காது.

இன்ஜின் பிரிச்சாச்சு, எதுக்கும் ஒரு ஃபேஸ் அடிச்சு விட்டுடலாமே?

இந்த 'எதுக்கும்' என்ற வார்த்தை பட்டறைக்கு நல்லது, உங்கள் பிளாக்குக்கு நல்லது இல்லை. சீவி எடுத்த இரும்பு திரும்ப வராது. போன ரீபில்டில் எவ்வளவு எடுத்தார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அளந்து, சமமாக இருந்து, முகத்தில் பள்ளமும் அரிப்பும் இல்லாமல் இருந்தால், சுத்தம் செய்து அப்படியே பூட்டுங்கள். எனக்குக் கூலி போனாலும் பரவாயில்லை.

சரி, அளந்தேன், அடிக்கத்தான் வேணும். எவ்வளவு தௌ எடுக்கலாம்?

முதலில் அளவு. ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மி.மீ. நாலு தௌ என்றால் 0.1 மி.மீ. என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிசான் மேனுவல்கள் பலவற்றில் ஹெட்டில் எடுத்ததும் பிளாக்கில் எடுத்ததும் சேர்த்து 0.2 மி.மீ.யைத் தாண்டக் கூடாது என்று போட்டிருப்பார்கள். சேர்த்து என்பதைக் கவனியுங்கள். ஹெட்டை ஒரு பட்டறையிலும் பிளாக்கை இன்னொரு பட்டறையிலும் கொடுத்தால் இரண்டு பேரும் தனித்தனியாக எட்டு தௌ எடுத்துவிட்டு, நான் எல்லைக்குள்தான் எடுத்தேன் என்று சொல்வார்கள்.

கம்ப்ரஷன் எவ்வளவு ஏறும் என்று கேட்பீர்கள். ஜிப்ஸியின் 1,298 சி.சி. இன்ஜினை எடுத்துக்கொள்வோம், போர் 74, ஸ்ட்ரோக் 75.5 மி.மீ. கம்ப்ரஷன் 9க்கு 1 என்று வைத்தால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சம் இருக்கிற இடம் சுமார் 40.6 சி.சி. பிளாக்கில் 0.2 மி.மீ. எடுத்தால் அதில் 0.86 சி.சி. குறையும், 9 என்பது 9.17 ஆகும். பெட்ரோல் வண்டி இதைத் தாங்கிவிடும். ஆனால் அடுத்த தடவை, அதற்கடுத்த தடவை என்று எடுத்துக்கொண்டே போனால் மேடு ஏறும்போது டிக்டிக் என்று நாக் சத்தம் கேட்க ஆரம்பிக்கும்.

டீசலுக்கும் அதே கணக்கா?

இல்லவே இல்லை. டீசலில் பிஸ்டன் மேலே வரும்போது அதற்கும் ஹெட்டுக்கும் நடுவில் மிச்சம் இருப்பது பல இன்ஜின்களில் ஒரு மி.மீ.க்கும் குறைவான இடைவெளி. நிறைய டீசல்களில் பிஸ்டன் தலை பிளாக் முகத்தைத் தாண்டிக் கொஞ்சம் மேலேயே எட்டிப் பார்க்கும். பிளாக்கில் எவ்வளவு எடுக்கிறீர்களோ அவ்வளவு கூடுதலாக எட்டிப் பார்க்கும்.

அதற்காகத்தான் பல டீசல்களுக்குக் கேஸ்கட்டையே இரண்டு மூன்று கனத்தில் விற்கிறார்கள், ஓரத்தில் ஓட்டை அல்லது வெட்டு வைத்து அடையாளம் இருக்கும். ஃபோக்ஸ்வாகனின் 1.9 டிடிஐ இன்ஜினில் பிஸ்டன் 0.91 முதல் 1.00 மி.மீ. வரை வெளியே வந்தால் ஒரு ஓட்டை கேஸ்கட், 1.01 முதல் 1.10 வரை இரண்டு ஓட்டை, 1.11 முதல் 1.20 வரை மூன்று ஓட்டை. அதற்கு மேல் போனால் போட கேஸ்கட்டே கிடையாது. ஃபேஸ் அடித்துவிட்டு, பிஸ்டனை மாட்டி, உயர வித்தியாசத்தை முள்ளில் காட்டுகிற டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டராக அளந்து, அதிகமாக வருகிற அளவுக்குக் கேஸ்கட் வாங்க வேண்டும். பழைய கேஸ்கட்டைக் கடைக்காரரிடம் காட்டி இதே மாதிரி ஒன்று கொடுங்கள் என்று வாங்கினால், பிஸ்டன் ஹெட்டைத் தட்டுகிற சத்தத்தோடுதான் வண்டி ஸ்டார்ட் ஆகும்.

கிரைண்டர்ல எமரி வீல் மாட்டி நானே தேய்ச்சுட்டா காசு மிச்சம்தானே?

பழைய கேஸ்கட்டைச் சுரண்டக்கூட அதைத் தொடாதீர்கள். கையில் பிடித்த வீல் நிற்கிற இடத்தில் எல்லாம் குழி பறிக்கும், மேலாகப் பார்த்தால் பளபளவென்று இருக்கும், ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்தால் அலை அலையாகத் தெரியும். அதைவிடப் பெரிய ஆபத்து எமரித் தூள். ஆயில் ஓட்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, வண்டி ஸ்டார்ட் ஆன அன்றே பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்க் தண்டின் பேரிங்கில் கோடு போட்டுவிடும்.

கண்ணாடிப் பலகையில் உப்புத்தாள் ஒட்டிச் சின்ன ஹெட்டைத் தேய்க்கிறவர்கள் உண்டு. ஒரு சிலிண்டர் பைக் ஹெட்டுக்கு அது சரி, கார் பிளாக்குக்கு வேலைக்கு ஆகாது. ஓரம் கூடுதலாகத் தேய்ந்து நடு மேடாகிவிடும். துணுக்கு எடுக்கப் பிளாஸ்டிக் சுரண்டி, கெமிக்கல், பொறுமை, இந்த மூன்றும் போதும்.

முகம் கண்ணாடி மாதிரி வேணுமா, கொஞ்சம் சொரசொரப்பா வேணுமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான், அவர்கள் பேசுவது வேறு வேறு கேஸ்கட். பழைய நார் கேஸ்கட் மெத்தென்று இருக்கும், அது பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். இப்போது வருகிற பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட் அப்படி இல்லை. மேலே மெல்லிய ரப்பர் பூச்சு மட்டும்தான், அது நிரப்பக்கூடிய பள்ளம் ரொம்பச் சின்னது. அதற்கு முகம் வழவழப்பாக, சொரசொரப்பைக் குறிக்கிற ஆர்ஏ அளவு 0.8 மைக்ரான் அல்லது அதற்குக் கீழே இருந்தால் நல்லது. முன்னே சொன்ன விரிந்து சுருங்கும் இழுப்பில் சொரசொரப்பான முகம் அந்தப் பூச்சை அரம் மாதிரி ராவிவிடும்.

நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். உழவு ஓட்டிய மாதிரி நகம் தடுக்கித் தடுக்கிப் போனால் ஸ்டீல் கேஸ்கட் போட வேண்டாம், இன்னொரு மெல்லிய கட் கேளுங்கள். எந்தக் கேஸ்கட் போடப் போகிறீர்கள் என்பதை பிளாக்கைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் இந்தப் பஞ்சாயத்தே வராது.

முதல்ல போரா, முதல்ல ஃபேஸா?

முதலில் கழுவுவது, அப்புறம் கிராக் பார்ப்பது. விரிசல் விட்ட பிளாக்குக்கு ஃபேஸ் அடித்துக் கூலி கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிராங்க் உட்காருகிற மெயின் பேரிங் வரிசை கோணலாக இருந்தால் அடுத்தது அந்த வரிசையை நேராக்குகிற லைன் போர். அப்புறம் ஃபேஸ், அப்புறம் போர், கடைசியில் போரைக் கல்லால் தேய்த்து முடிக்கிற ஹோனிங்.

ஃபேஸ் ஏன் போருக்கு முன்னால் என்றால், சின்னப் பட்டறைகளில் இருக்கிற போரிங் பார் பிளாக்கின் மேல்முகத்திலேயே உட்கார்ந்து வேலை செய்கிற ரகம். முகம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் போரும் அதே சாய்வில் இறங்கும். பிஸ்டன் ஒரு பக்கமாகத் தேய்ந்து, ஏன் என்று யாருக்கும் புரியாமல் போகும். போர் அடித்த பிறகு ஹோனிங்குக்கு இரண்டு மூன்று தௌ மிச்சம் விட வேண்டும் என்பது தனிக் கதை.

எங்க ஊர்ல பிளாக்கை சம்ப் பக்கம் டேபிள்ல வச்சு அடிக்கிறாங்க. அது சரிதானே?

நல்ல கேள்வி, நிறையப் பேர் கேட்பதில்லை. மேல்முகம் சமமாக இருந்தால் மட்டும் போதாது, கிராங்க் மையத்துக்கும் இணையாக இருக்க வேண்டும். சம்ப் முகம், அதாவது ஆயில் தொட்டி பூட்டுகிற அடிமுகம், கிராங்குக்கு இணையாக இருக்கும் என்று நம்பித்தான் அதன் மேல் நிறுத்துகிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆனால் சம்ப் முகத்தில் யாரோ ஒரு காலத்தில் ஸ்க்ரூட்ரைவர் போட்டு நெம்பியிருப்பார்கள், ஒரு பிசிறு நின்றிருக்கும், அதன் மேல் பிளாக் நின்றால் ஒரு முனை தூக்கிக்கொண்டுவிடும்.

சரியான முறை, மெயின் பேரிங் ஓட்டைகளில் ஒரு நேரான தண்டைப் போட்டு, அந்தத் தண்டை ஆதாரமாக வைத்து பிளாக்கை மெஷினில் நிறுத்துவது. அந்த வசதி இல்லாத இடத்தில் குறைந்தபட்சம் இதைச் செய்யச் சொல்லுங்கள்: சம்ப் முகத்தைக் கல் போட்டுப் பிசிறு எடுத்து, பிளாக்கை வைத்ததும் டயல் கேஜை மேல்முகத்தில் நாலு மூலைக்கும் ஓட்டிப் பார்த்து, அப்புறம் கட் போடுவது. வேலை முடிந்ததும் மெயின் ஓட்டையிலிருந்து மேல்முகம் வரை முன்னாலும் பின்னாலும் அளந்தால் உண்மை தெரிந்துவிடும். முன்னே ஆறு தௌ, பின்னே ஒன்றுமில்லை என்று எடுத்த பிளாக்கில் முதல் சிலிண்டருக்கும் நாலாவது சிலிண்டருக்கும் வேறு வேறு கம்ப்ரஷன்தான் வரும்.

லைனர் போட்ட பிளாக்குக்கு எப்படி?

லைனர் என்பது போருக்குள் இறக்குகிற குழாய். டிரை லைனர், அதாவது தண்ணீர் படாத ரகம் என்றால் லைனரை அழுத்தி இறக்கிய பிறகு ஃபேஸ் அடித்து, மேனுவல் வேறு அளவு சொல்லாத வரை, லைனர் விளிம்பும் பிளாக்கும் ஒரே மட்டத்தில் வர வைப்பது வழக்கம். வெட் லைனர் என்றால், அதாவது வெளியே நேரடியாகத் தண்ணீர் படுகிற ரகம் என்றால், லைனரைக் கழற்றிவிட்டு அடிக்க வேண்டும். அந்த லைனர் பிளாக் முகத்தைவிட ஓரிரு தௌ மேலே நிற்க வேண்டும், அப்போதுதான் ஹெட் அதை நன்றாக அமுக்கிப் பிடிக்கும். மேல்முகத்தில் எடுத்தால் லைனர் கூடுதலாக வெளியே நிற்கும், அதனால் லைனர் உட்காருகிற படியையும் அதே அளவு இறக்க வேண்டும். படியைத் தொடாமல் மேலே மட்டும் அடித்துக் கொடுத்தால் ஹெட்டை முறுக்கும்போது லைனரின் கழுத்து உடையும்.

போல்ட் ஓட்டையை நாங்க கண்டுக்கவே மாட்டோம். அதுல என்ன இருக்கு?

மரையை, மரை வெட்டுகிற டேப் விட்டுச் சுத்தம் செய்யுங்கள், ஓட்டை வாயில் சின்னச் சாய்வு வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அடித்த முகம் முதல் முறுக்கிலேயே மறுபடி மேடு கட்டும். அடி மூடிய ஓட்டையில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் கட்டாயம் ஊதி எடுங்கள். திரவம் அமுங்காது. போல்ட் இறங்க இறங்க அழுத்தம் எகிறி பிளாக்கே விரிசல் விடும், டார்க் ரென்ச் மட்டும் சரியான அளவைக் காட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொரு கண்ணி: பிளாக்கிலும் ஹெட்டிலும் சேர்த்து 0.3 மி.மீ. எடுத்தால் போல்ட் அவ்வளவு கூடுதலாக உள்ளே போகும். நீளம் நெருக்கமாக இருக்கிற இன்ஜினில் போல்ட் நுனி அடியில் முட்டிக்கொண்டு, முறுக்கு ஏறின மாதிரி காட்டும், ஹெட் இறுகியிருக்காது. ஒரு தடவை நீண்டு கொடுக்கிற ரகப் போல்ட் என்றால் புதுசுதான் போட வேண்டும், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஃபேஸ் அடிச்சா டைமிங் மாறுமா?

வால்வுகளைத் திறக்கிற கேம் தண்டு ஹெட்டில் இருக்கிற இன்ஜினில் கொஞ்சம் மாறும். கேம் கிராங்குக்கு அருகில் வந்துவிடுவதால் பெல்ட்டோ செயினோ தளர்ந்து, கேம் பின்தங்கும். 0.2 மி.மீ.க்கு, சாதாரண அளவு கேம் புல்லியில், கிராங்க் கணக்கில் அரை டிகிரி அளவுதான். அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். கேம் பிளாக்கிலேயே இருந்து புஷ்ராட் வைத்த லாரி, டிராக்டர் இன்ஜின்களில் டேப்பெட்டை, அதாவது வால்வு இடைவெளியைத் திரும்ப அட்ஜஸ்ட் செய்தால் முடிந்தது.

நிஜமான தொல்லை முன் பக்க டைமிங் கவரில். அதன் மேல் விளிம்பும் சில இன்ஜின்களில் ஹெட் கேஸ்கட்டுக்கு அடியில் வரும். பிளாக்கை மட்டும் அடித்தால் கவர் விளிம்பு எட்டு தௌ உயரமாக நிற்கும், அந்த மூலையில் ஆயில் கசிந்துகொண்டே இருக்கும். அந்த மாதிரி இன்ஜினுக்குக் கவரை பிளாக்கில் பூட்டி இரண்டையும் ஒன்றாக அடிக்க வேண்டும், பட்டறைக்கு வரும்போதே கவரையும் எடுத்து வாருங்கள்.

கேஸ்கட் மேல அனபாண்ட் பூசிட்டா இதெல்லாம் தேவையில்லன்னு மெக்கானிக் சொல்றாரே?

அந்த அடைப்புப் பசையைச் சம்ப்புக்கும் கவர் மூலைக்கும் பூசட்டும், அதற்குத்தான் அது. ஹெட் கேஸ்கட்டில் பூசினால் பசை கேஸ்கட்டை வழுக்க வைக்கும், ஆயில் ஓட்டையை அடைக்கவும் செய்யும். 150 பார் என்று முதல் பதிலில் சொன்னேனே, அதைப் பசை நிறுத்தாது.

வேலை முடிஞ்சதும் டீசல்ல கழுவினா போதுமா?

போதாது. டீசல் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், ஹோனிங் கல் தூளை எடுக்காது. ஆயில் கேலரியின், அதாவது பிளாக்குக்குள் ஆயில் ஓடுகிற பாதையின் பிளக்கைக் கழற்றி, சுடுதண்ணீரில் சோப்புத் தூள் கரைத்து, நீளமான பிரஷ்ஷால் எல்லா ஓட்டையும் தேய்க்க வேண்டும். அப்புறம் வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டு போரைத் துடைத்துப் பாருங்கள், துணி சாம்பல் நிறமாக வந்தால் திரும்பக் கழுவுங்கள். காய்ந்ததும் உடனே ஆயில் பூசிவிட வேண்டும், புதிதாக அடித்த இரும்பு ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் செம்பழுப்பாகிவிடும்.

இன்ஜின் நம்பர் அழிஞ்சிடுமா?

உங்கள் இன்ஜினில் எங்கே அடித்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். பல வண்டிகளில் பக்கவாட்டில் இருக்கும், பிரச்சினை இல்லை. பழைய செவ்ரோலே வி8 மாதிரி சிலவற்றில் மேல்முகத்தோடு ஒட்டிய மட்டத்தில் இருக்கும், ஒரே கட்டில் போய்விடும். ஆர்சியில் இருக்கிற நம்பர் பிளாக்கில் இல்லை என்றால் விற்கும்போது படாத பாடு பட வேண்டும். அடிப்பதற்கு முன் போட்டோ எடுங்கள், ஆபரேட்டரிடம் விரலை வைத்துக் காட்டுங்கள்.

ஃபேஸ் அடிச்சு ரெண்டு மாசத்துல மறுபடி கேஸ்கட் போயிடுச்சு. பட்டறைக்காரன் தப்புதானே?

இருக்கலாம். ஆனால் முதலில் ரேடியேட்டரைப் பாருங்கள். வண்டி முதலில் ஏன் சூடானது என்பதைச் சரிசெய்யாமல் முகத்தை மட்டும் சரிசெய்தால் இதுதான் நடக்கும். அப்புறம் போல்ட்டு, கேஸ்கட் கனம், ஹெட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்.

ஒரு லாரி இன்ஜின் எங்களிடம் மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் மூணாவது சிலிண்டர் பக்கமே கேஸ்கட் கருகியிருந்தது. ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்தால் முகம் சமம். கடைசியில் டயல் கேஜை பிளாக்கிலிருந்து லைனர் விளிம்புக்கு நகர்த்தியபோது முள் மூன்று தௌ கீழே விழுந்தது. டிரை லைனர் அடியில் சரியாக உட்காராமல் இருந்து, ஃபேஸ் அடித்த பிறகு ஓட்டத்தில் இறங்கியிருக்கிறது. ஸ்ட்ரெயிட் எட்ஜ் இரண்டு பக்கமும் பிளாக் மேல் நின்றதால் நடுவில் இருந்த ஒல்லியான விளிம்பின் பள்ளம் எங்கள் கண்ணில் படவே இல்லை. அந்த லைனரை இழுத்துப் பார்த்தால் அடிப்படியில் பழைய கார்பன் கட்டி ஒன்று நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. சுத்தம் செய்து புது லைனர் இறக்கினோம். அந்தத் தடவைக் கூலி நாங்கள் வாங்கவில்லை.